குட்டி டீச்சர் என்று பேர் வாங்கிய நாள்

என் செல்ல அக்கா தேவகி,

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. போன செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் ஒன்று நடந்தது. இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நல்ல சேதி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள். இன்டர்வியூவில், ஏன் டீச்சராக ஆசைப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். எங்கே கேட்டாலும் நான் சொல்லும் அதே பதிலைச் சொன்னேன். "அஞ்சாவது படிக்கும்போதே எனக்குக் குட்டி டீச்சர்னுதான் சார் பேரு." எல்லோரும் சிரித்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, அக்கா.

செவ்வாய்க்கிழமை வாய்ப்பாடு நடந்தது. பின்வரிசையில் யமுனா என்று ஒரு பிள்ளை. ஏழொன்பது எவ்வளவு என்று கேட்டேன். எழுந்து நின்றாள், வாயைத் திறக்கவில்லை. முன்வரிசை ரிஸ்வானா, "அறுபத்தி மூணு மிஸ்" என்றாள். உடனே நான் சொன்னேன்: "சபாஷ். போயி அவ தலையில ஒரு கொட்டு கொட்டிட்டு வா."

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

ரிஸ்வானா நகரவில்லை. "மாட்டேன் மிஸ்."

"ஏன்?"

"வலிக்கும்ல மிஸ்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பத்து வயதில், ஒரு டீச்சரைப் பார்த்து? அப்படியென்றால் நான் ஏன் சொல்லவில்லை?

உனக்கு மறந்திருக்காது. அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குப் போனபோது கல் அடுக்க உன்னையும் கூட்டிப்போனார்கள். சின்னவள் என்று என்னைச் சித்தி வீட்டில் விட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன். வருடம் கழிந்து நீ திரும்பி வந்தபோது, ஒரு வயது மூத்த உன்னை என் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். உன் விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. வாய்ப்பாடு மறந்திருந்தது.

ஏழெட்டு எவ்வளவு என்று டீச்சர் உன்னைக் கேட்டார். நீ நின்றாய். நான் துள்ளி எழுந்து பதில் சொன்னேன். "அவ தலையில கொட்டு" என்றார். நான் மெதுவாகத்தான் கொட்டினேன். "இன்னாடி, தடவிக் குடுக்கறியா? சத்தம் கேக்கணும்" என்றார். இரண்டாவது தடவை கடைசி பெஞ்சு வரைக்கும் சத்தம் கேட்டது. "சபாஷ்டி, குட்டி டீச்சர்!"

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் அந்தப் பேரைச் சொல்லிக் குதித்தேன். நீ அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாய். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாய். உனக்குப் படிப்பு ஏறவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விழுப்புரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். மாமா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். உன் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் யூனிஃபார்ம் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். உனக்குப் படிப்பு வாய்க்கவில்லை என்பதற்காக இப்படி வீம்பு பண்ணுகிறாய் என்று, அவர்களை ஸ்கூலில் சேர்த்த அன்று நான் உன்னிடம் சண்டை போட்டேனே? "ரெண்டு பேருக்கும் ரெண்டு ஸ்கூலா? ஒண்ணா படிச்சா ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் குடுப்பாங்க அக்கா. டீச்சருக்குப் படிக்கிறவ சொல்றேன், கேளு." நீ என்னையே பார்த்தாய்.

மாமாவிடம் காரணம் கேட்டேன்.

"ஒரே புடியா நின்னாம்மா. ரெண்டும் ஒரே கிளாஸ்ல இருந்தா ஒருத்திய வுட்டு இன்னொருத்திய அடிக்க வப்பாங்கன்னு சொல்லிக்கினே இருந்தா. உன்ன யாருடி அப்டி அடிச்சாங்கன்னு எத்தினியோ தபா கேட்டேன். கடைசி வரிக்கும் பேரு சொல்லவேல்ல."

"நான்தான் மாமா."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "டீ ஆறுது, குடிம்மா" என்றார்.

என்மேல் உனக்குக் கோபம் இருந்ததா? என் கல்யாணத்துக்கு ராத்திரியும் பகலுமாய் வேலை செய்தாயே, அப்போதும் இருந்ததா? ஒருதடவை திட்டியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் யமுனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நம் கதையை, நான் செய்ததை, எதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன். யமுனா கையைத் தூக்கினாள்.

"உங்க அக்கா அழுதாங்களா மிஸ்?"

எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா. எவ்வளவு யோசித்தும் அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. உன்னைக் கொட்டிவிட்டு நான் டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"தெரியாதும்மா. நான் பாக்கல" என்றேன்.

இனிமேல் பார்ப்பேன். பதில் தெரியாமல் எந்தப் பிள்ளை எழுந்து நின்றாலும், முதலில் அதன் முகத்தைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்தவள்,
உன் தங்கச்சி வசந்தி