அத்தை கண்டுபிடித்த விதம்

மாரியம்மன் துணை.
பெங்களூர்

என் வீட்டுக்காரருக்கு, சுகுணா வணக்கத்துடன் எழுதுவது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அத்தைக்கு வலி குறைந்திருக்கிறது. நீங்களும் மகள் ஐஸ்வர்யாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அத்தை விஷயத்தைப் போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இனிக் குணமாகாது என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றீர்கள். நான் சொல்லவில்லை. நேற்றுத் தலைவாரி விடும்போது அவரே, "எனக்கு நாள் நெருங்கிடுச்சுல்ல சுகுணா?" என்றார்.

"யாருங்க அத்தை சொன்னாங்க?" என்று பதறினேன்.

"எம்மவன்தான். போன வாரம் 'போயிட்டு வரேன்'னு சொல்லாமக் கெளம்புனானே. எழவு வூட்டுல இருந்துதான அப்படிப் போவாங்க?"

அத்தை சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு கவனமாக மறைத்தோம்! இங்கே நர்ஸாக இருக்கும் ஜாஸ்மின் நம் ஏரியூர்ப் பெண். அவளிடம் சொன்னேன். "அவங்களுக்கு முன்னாடியே தெரியுங்கக்கா. பேசத்தான் ஆள் இல்ல" என்றாள்.

அப்புறம் நானும் அத்தையும் நிறையப் பேசினோம். கடைசி மூச்சு தூக்கம் மாதிரி வருமா என்றுகூடக் கேட்டார். ஆனால் கடைசி நாட்களில் எங்கே இருக்க ஆசை என்று கேட்டால், மகனிடம்தான் சொல்வாராம்.

வரும்போது கேழ்வரகு மாவும், கோயில் திருநீறும், என் பழைய போர்வையும் எடுத்து வாருங்கள். புதுப் போர்வையில் தூக்கம் வரவில்லை. பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அத்தையைப் பார்க்க வந்த முனிராஜ் அண்ணன் பாலக்கோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இதை அவரிடம் கொடுக்கிறேன். அத்தை ஒன்று எழுதச் சொன்னார்: "கெளம்பறப்பச் சொல்லிட்டுப் போகச் சொல்லு. இது இன்னும் எழவு வூடு ஆகல."

சுகுணா