நாற்பத்தாறு வீடுகளை ஒரே வீடாக எண்ணியது குறித்து

அனுப்புநர்
கு. சுவாமிநாதன் (வயது 63),
லாரி புக்கிங் ஆபீஸ் எழுத்தர் (ஓய்வு),
கதவு எண் 14, காளவாய்ச் சந்து,
எட்டுக்கிணறு மண்டலம், சேலம்.

பெறுநர்
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
எட்டுக்கிணறு மண்டல அலுவலகம்,
சேலம்.

பொருள்: மண்டல அறிமுகக் கையேட்டில் எங்கள் சந்து காலி இடம் என்று காட்டப்பட்டது – அங்கே குப்பை தரம் பிரிக்கும் கூடம் கட்டுவதை நிறுத்தி, 46 வீடுகளையும் நேரில் வந்து எண்ணக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 22.8.2025, 15.9.2025, 13.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் "தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது" என்று என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆகவே நான்காவது முறையாக எழுதுகிறேன்.

1. சுதந்திர தின விழாவில் "நமது மண்டலம் – ஓர் அறிமுகம்" என்ற கையேட்டைத் தங்கள் அலுவலகம் வெளியிட்டது. நன்றாக அச்சிட்டிருக்கிறீர்கள். கொலுசுப் பட்டறைகள், தறிக்கூடங்கள், லாரி பட்டறைகள், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது, ஒடியா என ஆறு மொழி பேசுவோர் ஒற்றுமையாக வாழும் மண்டலம் என்று பெருமையாகக் குறித்திருக்கிறீர்கள். அந்த ஆறு மொழியும் எங்கள் ஒரு சந்திலேயே பேசப்படுகின்றன.

2. கையேட்டின் அட்டையில் வாசலில் அமர்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண் எங்கள் சந்து தெய்வநாயகி. பின்னால் தெரியும் நீலக் கதவு அவர் வீட்டுக் கதவு. அதே கையேட்டின் 19ஆம் பக்கத்தில், கதவு எண் 14 தவிர எங்கள் சந்து முழுவதும் "குடியிருப்பு இல்லாத காலி இடம், குப்பை தரம் பிரிக்கும் கூடம் அமைய உள்ளது" என்று இருக்கிறது. தெய்வநாயகி அட்டையைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். உள்ளே இருப்பதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

3. இது எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தில் கதவு எண் உள்ள வீடு என்னுடையது ஒன்றுதான். மற்ற 45 வீடுகளுக்கும் எண் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம். அதனால் தபால்காரர் எல்லோருடைய கடிதத்தையும் என் வீட்டில்தான் போடுவார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இருபது வருடமாக இதுதான் எங்கள் வழக்கம்.

4. கடந்த ஜனவரியில் தங்கள் அலுவலகம் வீட்டு விவரப் படிவம் கொடுத்தது. பலருக்குத் தமிழ் எழுத வராது. எதிர்வீட்டு குப்பாயி, "ஏனுங்க சாமி, உங்க எழுத்து அச்சடிச்சாப்ல இருக்குமுங்க, எனக்கும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். அவருக்கு எழுதினேன். பிறகு வரிசையாக எல்லோரும் வந்தார்கள். 46 படிவங்களையும் நானே எழுதினேன். தபால் வரும் முகவரி என்பதால் எல்லாவற்றிலும் கதவு எண் 14 என்று போட்டேன். ஆண்கள் வேலைக்குக் கைப்பேசியை எடுத்துப் போய்விடுவார்கள், ஒடிசாத் தம்பிகள் அடிக்கடி எண் மாற்றுவார்கள் என்பதால், என் கைப்பேசி எண்ணையே கொடுத்தேன். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

5. செப்டம்பரில் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். அங்கிருந்த பணியாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஒரே கையெழுத்து, ஒரே கதவு எண்ணு, ஒரே போன் நம்பருங்க. ஒரு ஊட்டுக்காரங்களே திருப்பித் திருப்பிப் போட்டதுன்னு ஒண்ண வெச்சுட்டு மிச்சத்தக் கழிச்சுட்டோமுங்க" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் ஒருவர், ஒரே ஒருவர், சந்துக்குள் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். படம் எடுக்க மட்டும் வந்திருக்கிறீர்கள்.

6. அக்டோபரில் அளந்து கல் நட்டுவிட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி இடிப்பதாகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். குப்பாயி இம்மண்டலத்தில் பதினெட்டு வருடமாகக் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. "ஊரு குப்பையெல்லாம் நாந்தான் அள்ளுனேன், இப்ப எம்பட ஊட்டுக்கே வருதுங்களா?" என்று கேட்டார்.

7. சந்தின் கடைசி வீட்டு சின்னான் சென்ற மாதம் இறந்துபோனார். அவர் வீடு பதிவில் இல்லாததால் இறப்புச் சான்றில் கதவு எண் 14 என்றே எழுதினார்கள். தன் கையால் கட்டிய வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர், பதிவின்படி என் வீட்டில் செத்திருக்கிறார்.

8. ஐயா, எனக்கு நம்பிக்கை பெரும்பாலும் போய்விட்டது. என் வீடு மட்டும் இடிபடாது என்பதுதான் பெரிய வேதனை. யாரும் என்னை ஒரு சொல் திட்டவில்லை. இப்போதும் தபாலை வாங்க என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே டிசம்பர் 1ஆம் தேதிக்கு முன் தாங்களோ தங்கள் பணியாளரோ ஒருமுறை சந்துக்குள் நடந்துவந்து, கதவுகளை எண்ணிப் பார்த்து, இடிப்பை நிறுத்திவைக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கால் மணி நேரம் போதும். இம்மனுவையும் நானே எழுதியிருக்கிறேன், அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. இதையும் ஒரு வீட்டின் மனு என்று எண்ணிவிட வேண்டாம். பின்தாளில் அவரவர் கையால், அவரவர் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முடியாதவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். நான் எதையும் தொடவில்லை. முகவரி என்ற இடத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். அதைக் காலியாக விடச் சொல்லிவிட்டேன்.

இடம்: சேலம்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
கு. சுவாமிநாதன்
(கதவு எண் 14இல் வசிக்கும் ஒரே குடும்பத்தின் தலைவர்)

இணைப்பு: 45 வீட்டாரின் கையெழுத்துகள், கைநாட்டுகள்; கையேட்டின் அட்டை.