கடலில் நீந்திய அன்னம்

என் உயிரான சாந்தா அக்காவுக்கு,

நீ போய் நாளையோடு ஒரு வருஷம். ஊரில் எல்லோரும் இந்த நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி அச்சடித்து ஒட்டுவார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வருகிறது. அதையே அச்சடித்து, கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாப் சுவரில், உன் புருஷனின் டூரிஸ்ட் வேன் நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். ஊரே படிக்கட்டும்.

அந்த நோட்டீசில் இன்னும் நீதான் சிரிக்கிறாய். "குடும்பத்துடன் கடல் காண வாரீர்! தரங்கம்பாடி, பூம்புகார், ராமேஸ்வரம், கன்னியாகுமரி." உனக்குப் பின்னால் நீலக் கடலும் கலங்கரை விளக்கமும். மாமா உன்னை ஊர் ஊராகக் கூட்டிப்போகிறார் என்றுதானே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்?

வேன் கிளம்பும்போதெல்லாம் இருபது பேருக்குப் புளிசோறு கட்டினது நீ. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும் நீ. "இந்த வாட்டி எனக்கொரு சீட்டு வெச்சிருங்க" என்று கேட்டால் மாமாவிடம் ஒரே பதில்தான். "எருமைய ஆரு கறக்கறது அம்மணி? அடுத்த நடைக்குப் பாக்கலாம்."

அந்த அடுத்த நடை வரவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல் சத்தம் ஊட்டுக்குள்ளாற கேக்குமா கண்ணு?" என்றாய். நானும் கடல் பார்த்ததில்லையே, என்னத்தைச் சொல்வேன்?

போன மாதம் பஸ் மாறி மாறி தரங்கம்பாடிக்குப் போனேன். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கரையோரம் அப்படியே நிற்கிறது. பக்கத்துச் சிவன் கோயிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. கேட்கிறது அக்கா, கோட்டை அறைக்குள் நின்றாலும் நன்றாகக் கேட்கிறது.

மணலில் உட்கார்ந்து அந்த நோட்டீசைப் பிரித்தேன். சோமனூர் ஸ்டூடியோவில் கடல் வரைந்த திரைக்கு முன்னால் நீ நின்று எடுத்த படம். அந்தக் கடலில், அலைக்கு நடுவே, குளத்தில் இருக்கவேண்டிய அன்னம் ரெண்டு நீந்துகிறது! கடலே பார்க்காத நம் ரெண்டு பேருக்கும் அது தப்பென்று தெரியவில்லை. மாசம் தவறாமல் கடலுக்குப் போகிறவருக்கு ஏன் தெரியவில்லை? உன் முகம் இருந்த படத்தை அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

இப்படி ஒரு கடிதம் அச்சடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன்; அச்சாபீஸ்காரர் அதை மாமாவிடம் சொல்லிவிட்டார் போல. நேற்று மாமா ஓடி வந்தார். உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்க வைத்தேன்.

"குடும்ப விசயத்தச் சந்திக்குக் கொண்டாரலாமுங்களா அம்மணி?"

"அக்காளச் செவுத்துல ஒட்டுனது நீங்கதானுங்க மாமா."

"படத்த எடுத்துப்போடறனுங்க. இந்த ஒருவாட்டி உட்டுருங்க." கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு அது இனித்தது.

"அடுத்த நடைக்குப் பாக்கலாமுங்க மாமா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சத்தியம் அக்கா. அவர் எந்தச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும் பக்கத்தில் இந்தக் கடிதம் இருக்கும். மழையில் கரைந்தால் மறுபடி ஒட்டுவேன். பசை காய்ச்ச மைதா வாங்கி வைத்துவிட்டேன்.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
தங்கச்சி ரத்னா