மோன்வெல்லின் ஒன்பது ஊர்கள்

6 ஏப்ரல், ஞாயிறு

இர்ஃபானை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பெருநாள் விருந்து என்று பெயர். இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அப்போதே அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அத்தாதான் ஆரம்பித்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" எங்கள் ஆட்களுக்குக் கல்யாணப் பேச்சே ஊரில்தான் தொடங்கும். காரைக்கால் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், அவன் பெற்றோர் அங்கிருந்து பிரான்சுக்குப் போனவர்கள்தானே? என் உத்தமன் பிறந்த இடத்தைச் சொன்னான். "மோன்வெல் கன்தோன், அங்கிள்."

அவன் போனதும் அத்தா போனில் தேடினார். "2015-லயே கலைச்சுட்டாங்களாம்லா! இல்லாத ஊரைச் சொல்றான். இவனை நம்பி உன்னைக் கொடுக்கவா?"

7 ஏப்ரல், திங்கள்

ஆபீசில் வேலையே ஓடவில்லை. பிரான்சைப் பற்றித் தேடிப் படித்தேன். கன்தோன் ஊரே இல்லையாம்! ஒன்பது கிராமங்களைச் சேர்த்து, தேர்தலுக்காகப் போட்ட ஒரு கோடு. நம்ம தொகுதி மாதிரி. கோட்டை மாற்றினால் நாங்கள் இருக்கும் தெம்பனிஸ் எங்கே போகும்? ஒன்பதும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் வேறு. வெர்னோசியில் மொத்தமே 61 பேர். அதற்கும் ஒரு மேயர்! ஆபீஸ் பான்ட்ரியில் டீ போட்டபடி தனியாக நின்று சிரித்தேன்.

இர்ஃபான் பிறந்ததே அந்த வெர்னோசியில்தான். முதலிலேயே சொல்ல என்ன கேடு என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும் அந்த ஊரு? கன்தோன்னு சொன்னா கொஞ்சம் பெரிசா இருக்கும்ல?"

எனக்கு வாய்த்தது அப்படி.

9 ஏப்ரல், புதன்

ஒன்பது பெயரும் மனப்பாடம். எம்ஆர்டி ரயிலில் முணுமுணுத்தேன். பக்கத்து சீட் ஆன்ட்டி எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

11 ஏப்ரல், வெள்ளி

நான் ஒன்பது ஊர்க் கதையைச் சொன்ன பிறகு அத்தா ஒருவழியாக வாயைத் திறந்தார். "ஞாயித்துக்கிழமை நம்ம கடைக்கு வரச் சொல்லு. ஒன்பது ஊரையும் அவன் வாயால சொல்லட்டும். சொல்லலைன்னா இதோட விட்டுடணும்." சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஏன் ஒத்துக்கொண்டேன்?

பெயர்களை இர்ஃபானுக்கு அனுப்பினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "என் ஊரை நானே படிச்சு பரீட்சை எழுதணுமா? கம் ஆன் லா."

13 ஏப்ரல், ஞாயிறு

எழுதவே முடியவில்லை, குதிக்கத்தான் தோன்றுகிறது!

தேக்கா பக்கம் எங்கள் துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அத்தா கல்லாவில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். இர்ஃபான் ஆறு ஊர் சொன்னான். நின்றுவிட்டான். "இன்னொரு ஊர்ல ஒரு பெரிய நாய், அங்கிள். சைக்கிள்ல போனா துரத்தும். ஒரு தடவை செருப்பையே கொண்டு போயிடுச்சு. பேருதான்..."

அத்தா முகத்தில் ஒன்றும் இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். என்னையறியாமல் சட்டைத்துணி அலமாரிக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன். "லா கொம்பெத், சோவில், பியேர்மோன்!" புடவை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பினார்கள்.

அத்தா அவனிடம் மெதுவாகச் சொன்னார். "ஒன்பதையும் மளமளன்னு ஒப்பிச்சிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். நாய் துரத்தினதை யாரும் போன்ல தேடிப் படிச்சுட்டு வர முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எப்பம்மா அந்த ஊருக்காரி ஆனே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இர்ஃபான் மட்டும் ஒன்றும் புரியாமல், "அப்ப நான் பாஸா?" என்று என்னைக் கேட்டான்.

19 ஏப்ரல், சனி

காலையில் அத்தா நாகூரில் இருக்கும் தன் தம்பி, எங்கள் சாச்சாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஒரு ஊரா? எங்க மாப்பிள்ளைக்கு ஒன்பது ஊருடா! எழுதிக்க, சொல்றேன்..."

ஏழு சொன்னார். எட்டாவதுக்கு என்னைக் கூப்பிட்டார்.