மீசை மயிரும் செம்புத் தகடும்

மார்ச் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மதியம் ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது நுண்ணோக்கியில் வைத்து நான் பார்த்தது உலோகத்தை அல்ல, என் மீசை மயிரை. ஐந்நூறு மடங்கு பெரிதாக! மனைவி சொன்னது சரி. சாயம் அடிவரை போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

குழாய்த் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒரு செம்புத் தகடு. பத்தில் ஒரு பங்காக மெலியும்வரை உருளைகளில் நசுக்கியது. வளைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே படிகங்கள் நெரிசல் பேருந்தில் நசுங்கிய ஆட்கள் மாதிரி கிடக்கின்றனவாம்.

"உலையில நானூறு டிகிரி, அரை மணி வெச்சா இளகிடும். வேற தகடு கிடையாது சார், பாத்துக்கோங்க" என்றார் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஆராய்ச்சியாளர் மேடம். வெள்ளிக்கிழமை அவர் தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் அவருடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவார்கள்.

மார்ச் 5, புதன்

தகட்டை உலையில் வைத்தேன். மச்சினி போன். அவள் சம்பந்தியம்மா புதுப் பல்செட்டைத் தொலைத்த கதை. பாதியில் எப்படி வைப்பது? வைத்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஐயோ!

உலையைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கவில்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தேன்?

மார்ச் 6, வியாழன்

தகட்டின் ஓரத்தைப் பளபளப்பாக்கி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தேன். அட! நசுங்கினவர் ஒருவர்கூட இல்லை. எல்லாம் புதுப் படிகங்கள். அதிகமாக அடி வாங்கிய இடத்தில்தான் அவை முதலில் முளைக்குமாம். நசுக்கியபோது உள்ளே தங்கிய ஆற்றலே அவற்றுக்குத் தீனி. சூடு சும்மா தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். தகடும் துணி மாதிரி வளைகிறது. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு?

ஆனால் ஒவ்வொரு படிகமும் பூசணிக்காய் அளவு! சூடு நீண்டால் பெரியது சின்னதை விழுங்கும். அப்புறம் வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்துவிடும். போச்சு, மேடத்தின் வேலை என் வாயால் போச்சு.

வீட்டில் சொன்னேன். மனைவி, "உங்களையும் அரை மணி வாட்டினா இளகுவீங்களான்னு பாக்கணும். முதல்ல போய் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

சொன்னேன், பல்செட் உட்பட. மேடம் வெளிறிப்போனார். அப்புறம் சிரித்தார்.

"சார், அந்த உலை அரை மணியில தானா அணைஞ்சிடும். டைமர் மாட்டச் சொல்லி அடம் பிடிச்சதே நீங்கதானே!"

அவரே படிகங்களை அளந்தார். கச்சிதம். அறிக்கை போய்விட்டது.

"அப்ப நான் பாத்த பூசணிக்காய்?"

"நூறுல பாக்கவேண்டியதை ஐந்நூறுல பாத்திருக்கீங்க. லென்ஸைத் திருப்பினது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் நுண்ணோக்கியின் தட்டிலிருந்து எதையோ இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஒரு மயிர். முக்கால்வாசி கறுப்பு, அடியில் வெள்ளை.