ஒற்றை ஆள் மெஷின்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் நின்றதா, விடுதி அறையின் சன்னல் கதவைச் சரிசெய்து கொடுத்தார்களா என்று எழுது. மருமகள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து யோசிக்காதே. கோர்ட்டுக் காகிதம் உனக்கும் என் அருமைப் புதல்வனுக்கும் நடுவில்தான் கோடு போட்டது. என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

சாசேஜ் அடைக்கிற மெஷின் வாங்கிவிட்டேன். போனில் நீ எத்தனை தடவை கேட்டும் பிடிகொடுக்காமல் பேசினேன், அதற்குக் காரணம் உண்டு. போனில் எனக்கு நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. அந்த சாசேஜ் ஃபாக்டரியில் நிரந்தர வேலைக்கு மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடுவதா விட்டுவிட்டு வருவதா என்று தெரியவில்லை என்றாயே, அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும்.

பழைய மெஷின் உடைந்தது என்று மட்டும்தான் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாய். நீ இருந்தவரை கறியைப் பிசைந்த கையோடு உறையில் அடைத்துவிடுவோம். நான் கைப்பிடியைச் சுற்றுவேன், நீ குழாய் முனையில் உறையைப் பிடித்துக்கொள்வாய். ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியவில்லை. மாலையில் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அடைக்கலாம் என்று பெரிய புத்திசாலித்தனம் பண்ணினேன். உப்புப் போட்டுப் பிசைந்த கறி குளிரில் கிடந்தால் இறுகிப்போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என்ன செய்ய, உடம்பு கேட்கவில்லை.

அகலக் குழாயாக இருந்தால் எப்படியோ தள்ளியிருப்பேன். அன்றைக்குப் பார்த்துக் கேண்டீன்காரர் குச்சி சாசேஜ் கேட்டிருந்தார். சுண்டுவிரல் தடிமன் குழாய். கறி போகமாட்டேன் என்றது, நான் விடமாட்டேன் என்றேன். வலது கையால் சுற்றிக்கொண்டு இடது கையால் உறையைப் பிடித்துக்கொண்டு, வந்த கோபத்தில் இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். உள்ளே பல்சக்கரம் கடகடவென்று வழுக்கியது. பிளாஸ்டிக் பல், அத்தனையும் மழுங்கிவிட்டது. லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். "இத ஒண்ணும் பண்ண முடியாதும்மா, எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சமையல் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். கறியை உள்ளே திணித்து விசையை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு, ஒரு வேளைக்கு என்றால் சரி. நம் வேலைக்கு அதை வாங்கினால் கேண்டீன்காரர் காத்திருந்தே கிழவராகிவிடுவார். அடுத்து, "அரைக்கிற மெஷின் வாயிலயே இந்தக் குழாய மாட்டிக்குங்க, தனியா வேற எதுக்கும்மா?" என்றார். அப்படிச் செய்தால் கறி இரண்டாம் முறை நசுங்கிச் சூடேறும், கொழுப்பு உருகி இழுபடும், வெந்த பிறகு சாசேஜ் உள்ளே மரத்தூள் மாதிரி உதிரும் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாம் நீ எனக்குச் சொன்னது. நானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

மனுஷர் மரியாதையோடு உள்ளே போய், நின்றவாக்கில் இருக்கும் பெரிய எஃகு மெஷினைத் தூக்கிவந்து வைத்தார். கைப்பிடி பக்கத்தில். பல்சக்கரம் முழுக்க இரும்பு. கறியை அழுத்தும் தட்டை மெதுவாக இறக்க ஒரு சக்கரம், சட்டென்று மேலே தூக்க இன்னொரு சக்கரம். தட்டில் காற்றுப் போக ஒரு சின்ன வால்வுகூட இருந்தது, உறைக்குள் காற்றுக் குமிழி வராதாம். அந்த வால்வு இல்லாமல் நீ ஊசியும் கையுமாக ஒவ்வொரு குமிழியாகக் குத்திக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டேன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்போது கடைக்காரர், "எத்தனை பேரு வேலை செய்றீங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேரு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"அப்ப இதான் சரி. ஒருத்தர் சுத்துங்க, ஒருத்தர் பிடிங்க" என்று அவர் பெட்டியில் வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் யாரைக் கேட்பது? ஃபிரிட்ஜையா?

அன்று சாயந்திரம்தான் நீ கூப்பிட்டாய். என் குரலில் என்ன கேட்டாயோ, "நான் வேணும்னா வந்துடறேன் அத்தை. அந்த வேலை போனா என்ன, நம்ம வேலை இருக்கே" என்றாய். வா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்புறம் சமையல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீ வருவாய். வந்து உறையைப் பிடிப்பாய். என் மணிக்கட்டு இப்போதே சுற்றும்போது சுருக் சுருக்கென்கிறது, கொஞ்ச நாளில் சுற்றுவதும் உன் தலையில் வந்து விழும். அத்தைக்குக் கை முடியவில்லை, விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருந்துவிடுவாய். உனக்கு அப்படிப்பட்ட மனசு. எனக்கு அதுதான் பயம்.

உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவன் பாதியில் விட்டுப் போனான். போன இடத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை என் உடம்பை விசாரிக்கிறான், அதோடு சரி. அவன் போன பிறகும் நீ இரண்டு வருஷம் இங்கேயே இருந்தாய். ஏன் இருக்கிறாய் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "ஆர்டர் இருக்கே" என்பாய். நானும் அதையேதான் சொல்வேன். கேண்டீன்காரர் குச்சி கேட்டார், பேக்கரிக்காரர் பெரிய சாசேஜ் கேட்டார் என்று நாம் இரண்டு பேரும் அந்த மெஷினைக் காட்டியே காலத்தை ஓட்டினோம். நீ எனக்காக இருக்கிறாயா, வேலைக்காக இருக்கிறாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேலைக்காக என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஆனால் அந்த ஃபாக்டரியைப் பற்றிப் பேசும்போது உன் குரலே வேறாக இருக்கிறது. குளிர் அறை, புகை போடும் அறை, உன் பேச்சைக் கேட்டு வேலை செய்கிற ஆட்கள் என்று மூச்சுவிடாமல் பேசுகிறாய். இங்கே இருந்தவரை நீ இப்படிப் பேசிக் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கடையில் போய் நின்றேன். மோட்டார் வைத்தது, காலால் மிதித்தால் ஓடுவது இருக்கிறதா என்று கேட்டேன். "நேத்து ரெண்டு பேருன்னீங்களே?" என்றார். ஒருத்திதான் என்றேன். சொல்லிவிட்டுப் பணம் எண்ணுவது மாதிரிப் பைக்குள் குனிந்துகொண்டேன். நல்லவேளை, அவர் பெட்டியைத் தேட உள்ளே போய்விட்டார்.

தையல் மெஷின் மாதிரி கீழே ஒரு மிதி. மிதித்தால் தட்டு இறங்கும், காலை எடுத்தால் நிற்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கிறது. பல்சக்கரம் இரும்புதானா என்று மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். குச்சிக்கான குழாயும் எஃகு. இரண்டு கையும் உறைக்கே. முதல் நாள் மாடிவீட்டு டீச்சர் கதவைத் தட்டினார், வருகிறேன் என்று எழுந்தவள் மிதியின் மேலேயே ஊன்றி எழுந்துவிட்டேன். உறை வெடித்துச் சுவரெல்லாம் கறி. டீச்சரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் போன பிறகு துடைத்து, மிச்சக் கறியில் ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உடனே அடைத்தேன். வழவழவென்று வந்தது. கேண்டீன்காரர் தின்று பார்த்து, "உங்க மருமக வந்துட்டாங்களா?" என்றார்.

அதனால் நீ யோசிக்காமல் கையெழுத்தைப் போடு. இங்கே இனிமேல் சுற்றவும் ஆள் வேண்டாம், பிடிக்கவும் ஆள் வேண்டாம். ஆர்டர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நீ இந்த வீட்டுக்குள் வர முடியாது. அதற்காகத்தான் பார்த்துப் பார்த்து இந்த மெஷினை வாங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் அறைக்குள் போகும்போது காதை மூடிக்கொள். உன் வேலையும் வாழ்க்கையும் நன்றாக அமையட்டும், உனக்குப் பிடித்த மனுஷன் யாராவது வந்தால் என்னிடம் சொல்லத் தயங்காதே. லீவு கிடைத்தால் வா. வந்து மத்தியானம் வரைக்கும் தூங்கு. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போ. மகள்கள் அம்மா வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பெண் பிறக்கவில்லை, அதனால் சரியாகத் தெரியாது. நீ வந்து காட்டு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
அத்தை