பழைய தலைவரும் புதுத் தலைவியும்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் இங்கே நலம். நீங்களும் அங்கே வெளிநாட்டில் நலம் என்று போனில் சொல்கிறீர்கள். அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். பக்கத்தில் நம் வாயாடி வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், சாப்பாட்டு இடைவேளையில், மடித்த விரிப்புகளின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தோள்பட்டை வலி விட்டபாடில்லை. துணி உலர்த்தும் பெரிய மெஷின் மறுபடி படுத்துவிட்டது. ஈரத்துணியையெல்லாம் மொட்டைமாடிக்குத் தூக்குவது நாங்கள்தான். மேற்பார்வையாளரிடம் கேட்டால், இதோ ஆள் வராங்க, இதோ ஆள் வராங்க என்றே நாளைக் கடத்துகிறார்.

மகளுக்கு நீங்கள் அனுப்பும் குரல் பதிவுகளை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். டிவியில் வரும் அந்த விண்கலத் தொடரில் பழையது உசத்தியா, புதுசு உசத்தியா என்று அப்பாவும் மகளும் நடத்தும் பட்டிமன்றத்தில் வீட்டில் வேறு பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் பழையதுதான். சுவரெல்லாம் அட்டை, யாராவது கதவைச் சாத்தினால் கப்பலே ஆடும். வேற்றுக் கிரகத்து ஆளுக்குப் பச்சைச் சாயம் கழுத்தோடு நின்றுவிடும். இருந்தாலும் முகமாவது தெரியும். புதியதில் எல்லாம் அசல் மாதிரியே இருக்கிறதாம். எனக்கென்ன தெரிகிறது? கரண்ட் பில் கட்டாத வீடு மாதிரி ஒரே இருட்டு. பேசுவதும் குசுகுசுவென்று. நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அது எங்கே கேட்கப்போகிறது!

அது கிடக்கட்டும். நீங்கள் எப்போதிருந்து இவ்வளவு விஷயம் தெரிந்தவரானீர்கள்? இங்கே இருந்தபோது, நம்மூர்க் கிடங்கிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்தால் ஆரம்பப் பாட்டு முடிவதற்குள் குறட்டை. காலையில் எழுந்து, கப்பல் தப்பிச்சிடுச்சா என்று என்னைக் கேட்பீர்கள். அந்த மனிதர் இப்போது, ஒரே பாறைக்கு வேறு வேறு சாயம் அடித்தே பழைய தொடர் முழுவதையும் ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று, கிரகம் கிரகமாகச் சொல்லிச் சிரிக்கிறார். புதியதில் வரும் டாக்டரம்மா, பழையதில் வந்த சமையல்காரரின் பேத்தி என்று கண்டுபிடிக்கிறார். அப்பா ரெண்டையும் ஒண்ணுவிடாம பாத்துட்டாரும்மா என்று வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் சந்தேகம் தட்டியது. அந்த ஊர்க் கிடங்கில் ஓவர்டைம் வேறு சேர்த்து, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?

அப்புறம்தான் பழைய பதிவுகளையும் போட்டுக் கேட்டேன். முன்பெல்லாம் உங்கள் குரலுக்குப் பின்னால் வண்டி பின்வாங்கும் பீப் பீப் சத்தம் கேட்கும், யாராவது தூரத்தில் கத்துவார்கள். இப்போது பட்டப்பகலில் அனுப்புவதிலும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வேலை போய்விட்டது, அப்படித்தானே? ஆளைக் குறைத்தார்களோ, கிடங்கையே மூடிவிட்டார்களோ, எதுவானாலும் இருக்கட்டும். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

போன வாரம் நீங்கள் அனுப்பியதைக் கேட்டபின் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிய தொடரில் வரும் அந்தப் புதுத் தலைவி, கப்பல் வீடு திரும்பும் வழி தொலைந்துபோனதை மறைத்துவிட்டு, எல்லாம் சரியா இருக்கு என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்கிறாளே, அவளை மகள் ஏமாத்துக்காரி என்று திட்டினாள். நீங்கள் உடனே பரிந்துகொண்டு வந்தீர்கள். அப்படிச் சொல்லாதடா கண்ணு, மத்தவங்களாவது நிம்மதியா தூங்கட்டும்னுதான் அவ ஒருத்தியே சுமக்கிறா என்றீர்கள். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. அப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கு போல என்றாள் மகள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்கு அந்தப் பழைய தலைவரைத்தான் பிடிக்கும். மண்டைக்கனம் பிடித்த ஆள்தான். ஆனாலும் கப்பலில் என்ன கோளாறு வந்தாலும் எல்லோரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டு, நிலைமை இதுதான், என்ன பண்ணலாம் சொல்லுங்க என்று கேட்பார். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், பாதி உளறலாக இருக்கும். எப்படியோ சமாளித்துவிடுவார்கள். உங்களுக்கு மட்டும் இந்தப் புதுத் தலைவியைப் போய் எப்படிப் பிடித்தது? என்னிடம் சொன்னால் உடைந்துபோக நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நீங்கள் அந்த அறையில் தனியாக, சாப்பிட்டீர்களோ இல்லையோ, பகலெல்லாம் அட்டைக் கப்பலைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை நினைத்தால், அந்தக் கோபமும் நிலைக்கமாட்டேன் என்கிறது. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது, நேரில் சொல்லுங்கள். அங்கேயே வேறு இடம் பார்க்கிறேன் என்று இன்னும் நாளை ஓட்ட வேண்டாம். இங்கே எனக்குக் கையும் காலும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்த நாலு பேர் நம் வீட்டில் இல்லை. நானும் அவளும்தான் இருக்கிறோம். கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

வருகிற வழியெல்லாம் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும்.

உங்கள் வீட்டுக்காரி